பெற்றவள் பெயர் தபீதாள்

அடக்க ஆராதனையில் வாசிப்பதற்காக அண்ணியின் ஜீவிய சரித்திரத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி எங்கள் சபைப் போதகர் ஐயர் கேட்டார். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, திடப்படுத்தல், விவாகம், வேலை, நோய், நித்திரை. எங்கள் சபையில் யார் இறந்தாலும் அந்த வரிசைதான். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் என்ற இடத்தில் 'ஒரே மகள் யூனிஸ்' என்று எழுதியிருந்தேன். ஐயர் அதை உரக்க வாசித்தார். அந்த மூன்று சொல்லை ஓர் அதிகாரியின் முன்னால் என் அண்ணன் சொல்ல வேண்டும் என்றுதான் அண்ணி பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். அவளைப் பெட்டியில் வைத்த பிறகு கோவிலில் சொன்னதில் யாருக்கு என்ன? ஒரு பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

தபீதாள் என் அண்ணன் தேவானந்தத்தின் மனைவி. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்து உபதேசியாரின் மகள். அறுபத்தொன்றில் எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பெற்றோர் அதற்கு முன்பே போய்விட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். வந்த சில மாதங்களிலேயே மிஷன் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சரானாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். ஒல்லி உடம்பு, ஓட்டமும் நடையுமாகத்தான் போவாள். கோவிலில் யாராவது பாட்டை இழுத்துப் பாடினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். பாடியவர் அடுத்த அடியை விழுங்கிவிடுவார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று அண்ணனோடு சண்டை போட்டு அனுப்பியதும் அவள்தான்.

அண்ணன் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். நல்ல வேலைக்காரன். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். எந்த விஷயத்தையும் சுலபமான பக்கமாகத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், அவ்வளவுதான்.

அவர்களுக்கு முதலில் பிறந்த பெண் பெயர் வைக்கும் முன்பே இறந்துவிட்டது. அடுத்தது பையன். அவன் பிறந்த வாரமே அண்ணன் கோவிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டான். 'ஆண் குழந்தை அருளிய தேவனுக்கு' என்று ஐயர் பெயர் சொல்லி வாசித்தார். ஞானஸ்நானத்துக்குத் தெருவுக்கே சாப்பாடு போட்டோம். பல் முளைக்கும் சமயத்தில் வந்த காய்ச்சல் அவனையும் கொண்டுபோயிற்று. அதன் பிறகு கோவிலில் காணிக்கைப் பெயர்களை வாசிக்கும்போதெல்லாம் அண்ணி தலையைக் குனிந்துகொள்வாள். யார் வீட்டில் என்ன பிறந்தது என்று காதால் கேட்கவே அவளுக்குப் பயமாகிவிட்டது.

அறுபத்தேழின் கடைசியில் அவள் மறுபடியும் உண்டானாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அண்ணன் கனடாவுக்குக் குடியேற விண்ணப்பம் போட்டிருந்தான். பட்டறையில் அவனோடு வேலை செய்த லாசரஸ் அங்கே போய், இரும்பு சீவத் தெரிந்தவனுக்கு வேலை காத்திருக்கிறது என்று எழுதியிருந்தான். மனைவி தபீதாள், பிள்ளைகள் இல்லை என்று அண்ணன் நிரப்பி அனுப்பினான். அன்றைக்கு அது உண்மை. முடிவு தெரியும்வரை குடும்பத்தில் பிறப்போ இறப்போ எது நடந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டியதே அவன்தான்.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி அஞ்சம்மாளின் எருமைக் கொட்டகை. அவளிடம்தான் எங்களுக்குப் பால். ஆறு பிள்ளை பெற்று ஆறையும் வளர்த்துக்கொண்டிருந்தவள். அண்ணிக்கு மாதம் ஏற ஏற முகம் வெளிறிக்கொண்டே போவதைப் பார்த்து ஒரு நாள் பால் ஊற்ற வந்தவள் பேச்சை எடுத்தாள்.

"டீச்சரம்மா, நான் சொல்றன்னு கோச்சிக்காத. உன் வூட்ல பொறக்கறத எதுவோ எண்ணிகினே கீது. என் வூட்ல ஆறு கீது. ஏழாவதா ஒண்ணு உருண்டா எது எண்ணப் போவுது?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?"

"பொறந்ததும் என்கைல குடுத்துடு. ஒரு மொறம் தவுடு குடுத்து நான் வாங்கிக்கறேன். வளக்கறது நீதான். பேருக்குத்தான் எம் புள்ள. மூணு வருசம் உன் வாயால, உன் வூட்டுக்காரர் வாயால எம் புள்ளன்னு சொல்லக்கூடாது. அப்பால அதே மாரி தவுட்டக் குடுத்துத் திருப்பி வாங்கிக்கோ."

அண்ணி சிரித்தாள். "ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்கு விக்கிரகம் கூடாதுன்னு சொல்லிக் கொடுக்கிறவ நான்."

"தவுடு இன்னா விக்கிரகமா? மாடு துன்றது!"

சிரிப்போடு அந்தப் பேச்சு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அறுபத்தெட்டு ஆகஸ்டில் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. துடைத்துப் பக்கத்தில் கிடத்தியதும் அண்ணி குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "ஹில்டா, போய் அஞ்சம்மாவைக் கூட்டிட்டு வா" என்றாள்.

அஞ்சம்மாள் முறம் நிறையத் தவிட்டோடு வந்தாள். தவிட்டைக் கட்டிலடியில் கொட்டிவிட்டு, காலி முறத்தில் குழந்தையை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்த் தன் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். "தோ பாருங்க, என் பொண்ணு குப்பு. டீச்சரம்மா வூட்ல வளக்க வுட்டுகீறேன்" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினாள். அண்ணன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க திருப்திக்கு என்னவோ பண்ணுங்க" என்றான். மறுநாள் காலையிலேயே அஞ்சம்மாள் வந்து, எருமைக்குத் தவிடு இல்லை என்று அந்தத் தவிட்டையே வாரிக்கொண்டு போனாள். "அடியே குப்பு, உன் வெலைய என் எரும துன்னப் போவுது. பால் ஜாஸ்தியா வந்துச்சின்னா நீ லாபம், இல்லாங்காட்டி நஷ்டம்" என்று அவள் சொன்னபோது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறப்பைப் பதியவில்லை. காணிக்கை போடவில்லை. ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டு ஐயர் வந்தபோது அண்ணி தரையைப் பார்த்தபடி, "ஆகட்டும் ஐயா" என்றாள். குழந்தை தேறி வந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கனடா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டெல்லியிலிருந்து வரும் அதிகாரி மவுண்ட் ரோடில் ஓர் ஓட்டலில் தங்கி விண்ணப்பதாரர்களைப் பார்ப்பார். கணவன் மனைவி இருவரும் வர வேண்டும். குழந்தைக்கு அப்போது தலைகூட நிற்கவில்லை. அதை அஞ்சம்மாளிடமும் என்னிடமும் விட்டுவிட்டுப் புறப்படத் தயாரானார்கள். அண்ணன் கண்ணாடிக்கு முன்னால் இரவல் டையோடு மல்லாடிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இன்னைக்குப் பிள்ளையைப் பத்திச் சொல்லிடுங்க" என்றாள் அண்ணி.

"சொல்லக்கூடாதுன்னது யாரு?"

"அது தெருவுல. இது ஆபீஸ். அவங்க கேட்கிற இடத்துல மறைக்கக்கூடாதுங்க."

"தெருவு எது ஆபீஸ் எதுன்னு கண்ணுக்குத் தெரியுமா? நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அப்புறம் என்னைச் சொல்லாதே."

அண்ணி குழந்தை கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் குரலை இறக்கிக்கொண்டு, "இப்பப் போய்ப் புதுசா ஒரு ஆளைச் சேர்த்தா திரும்ப ஃபாரம், திரும்ப மெடிக்கல். ஒரு வருஷம் போயிடும். அங்க போய் ஒரு வார்த்தை சொன்னா சேர்த்துக்குவாங்க. லாசரஸ் எழுதியிருக்கான்" என்றான்.

இரண்டு காரணமும் ஒரே மூச்சில் வந்தன. இதில் எது காரணம், எது சாக்கு என்று நான் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அண்ணிக்கு அன்றே தெரிந்திருக்கும். ஆனால் அவளுடைய பயத்தையே எடுத்து அவள் வாயில் அடைத்துவிட்டான்.

அந்த அறையில் நடந்ததை அண்ணி என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதிகாரி மரியாதையான மனிதராம். எழுந்து நின்று உட்காரச் சொன்னாராம். வேலை, படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் யாருடைய குழந்தையோ அழுதிருக்கிறது. அண்ணிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "இல்லை சார், இரண்டு பிறந்து இறந்துவிட்டன" என்றான் அண்ணன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் வருந்துகிறேன் என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"நல்ல மனுஷன் ஹில்டா. செத்ததுக்கு வருத்தப்பட்டார். உயிரோட இருக்கிறதை அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை" என்றாள்.

இருவருக்கும் அனுமதி வந்தது. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு அவள் எப்படிப் போவாள்? அண்ணன் முன்னால் போவது, மூன்று வருஷம் முடிந்ததும் பிள்ளையைச் சொல்லி இருவரையும் கூப்பிட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. அறுபத்தொன்பது தொடக்கத்தில் மீனம்பாக்கத்திலிருந்து புறப்பட்டான். வழியனுப்ப வந்த எல்லோரிடமும் கை கொடுத்துச் சொல்லிக்கொண்டான். குழந்தையை மட்டும் தூக்கவில்லை. அது அஞ்சம்மாள் இடுப்பில் இருந்தது.

அந்த மூன்று வருஷமும் அண்ணி சொன்ன சொல் தவறவில்லை. வீட்டுக்குள் பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், காய்ச்சல் வந்தால் மடியை விட்டு இறக்க மாட்டாள். வாசலுக்கு வந்து யாராவது 'யார் குழந்தை?' என்றால் 'அஞ்சம்மா பிள்ளை' என்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் நேரமெல்லாம் குழந்தை கொட்டகையில்தான். அஞ்சம்மாளின் பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டதால் அதுவும் அவளை அம்மா என்றது. தெரு முழுவதும் டீச்சர் என்று கூப்பிட்டதால் அண்ணியை டீச்சர் என்றது. கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

ஒரு நாள் அண்ணி பள்ளிக்கூடம் விட்டு வந்தால், குழந்தை மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருக்கிறது. அஞ்சம்மாள் குன்றத்தூர் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"என்ன அஞ்சம்மா இது! ஐயர் பார்த்தா என்ன சொல்வார்?"

"எம் புள்ளைக்கு நான் முடி எறக்கறேன். உனுக்கு இன்னா வந்துச்சி டீச்சரம்மா? உன் புள்ளையாயிருந்தா கேளு."

அண்ணி முடி வளரும்வரை குழந்தைக்கு ஒரு தொப்பி பின்னிப் போட்டாள்.

எழுபத்தொன்று ஆகஸ்டில் கெடு முடிந்தது. அண்ணி மளிகைக் கடையில் தவிடு வாங்கி, முறத்தில் அளந்து கொடுத்துக் குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அஞ்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நல்ல தவுடுதானா, கல்லு கில்லு கீதா?" என்று சோதித்துப் பார்த்தாள். அடுத்த மாதம் ஞானஸ்நானம். யூனிஸ் என்று பெயர் வைத்தோம். பிறப்பைத் தாமதமாகப் பதிய நீதிமன்றத்துக்கு அலைந்ததெல்லாம் நானும் அண்ணியும்தான். ஆனால் பிள்ளையின் நாக்கை எந்தப் பதிவாளராலும் மாற்ற முடியவில்லை.

"அம்மான்னு கூப்பிடுடி."

"நீ டீச்சரு."

"நான்தான் உன் அம்மா."

"போ டீச்சர், பொய் சொல்ற."

போகப் போகச் சரியாகிவிடும் என்றாள் அண்ணி.

அண்ணன் இருவரையும் அழைத்துக்கொள்ள மனுப் போட்டான். பிள்ளை இல்லை என்று முன்பு சொன்னீர்களே, இது எங்கிருந்து வந்தது என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு அவன் எழுதிய பதில்: 'என் மனைவி நேரில் விளக்குவாள்.'

எழுபத்திரண்டில் அண்ணியும் பிள்ளையும் நேர்காணலுக்குப் போனார்கள். துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். இந்த முறை வேறு அதிகாரி; பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர், நெற்றியில் மெல்லிய திருநீறு. அண்ணி புறப்படும் முன்பு பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு, யார் கேட்டாலும் அம்மா என்று சொல்ல வேண்டும் என்று மிட்டாய் கொடுத்துப் பழக்கியிருந்தாள். அதிகாரி அண்ணியிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையை அருகில் கூப்பிட்டு மேஜையிலிருந்த பென்சிலைக் கையில் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் குனிந்து கேட்டார்.

"பாப்பா, உன் பேர் என்ன?"

"குப்பு."

"உங்க அம்மா எங்க?"

"வூட்ல கீது. எரும கன்னு போட்டுகீது, அதனால வரல."

"அப்ப இவங்க யாரு?"

பிள்ளை அண்ணியைத் திரும்பிப் பார்த்தது. மிட்டாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "டீச்சர் அம்மா" என்றது.

அண்ணி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இறந்த இரண்டு பிள்ளைகள், தவிடு, மூன்று வருஷம், முன்பு அதே ஊரில் அதே போன்ற ஓர் அறையில் தன் கணவன் மறைத்தது, எல்லாம். மொழிபெயர்ப்பாளர் நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார். நடுவில் தாழ்ந்த குரலில், "எங்க அத்தை பையனும் தவிட்டுக்கு வாங்கினவன்தாம்மா. பிச்சமுத்துன்னு பேரு. எனக்குப் புரியுது" என்றார். அண்ணி முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது அந்தத் தமிழர் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க மனைவிங்கிறதுல சந்தேகமில்லை. நீங்க போகலாம். பிள்ளை விஷயத்துல, அன்னைக்கு மறைச்சவர் உங்க கணவர். இது என் பிள்ளை, தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்னு அவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கணும். அது வந்தாத்தான் மேற்கொண்டு பார்க்க முடியும்னு சொல்றார்."

ரயிலில் திரும்பும்போது அண்ணி கலங்கவே இல்லை. "அவ்வளவுதானே? உண்மையைத்தானே எழுதச் சொல்றாங்க. எழுதிடுவார்" என்றாள். பிள்ளை அவள் மடியில் படுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வந்துவிட்ட பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தது.

அவன் எழுதவில்லை. பொய் சொல்லி வந்தேன் என்று என் கையாலேயே எழுதினால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பதில் வந்தது. நீ முதலில் வந்துவிடு. பிள்ளையை ஹில்டாவிடம் விட்டுவிட்டு வா. அவள் இருக்கிறாள், அஞ்சம்மாள் இருக்கிறாள். பிறகு ஏதாவது வழி பார்க்கலாம். நமக்கு இங்கேயே வேறு பிள்ளையும் பிறக்கலாம். கடைசி வரியை அண்ணி என்னிடம் வாசித்துக் காட்டவில்லை. நான்தான் பிறகு பார்த்தேன்.

தெருவில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "புருஷனை இத்தனை வருஷம் தனியா விட்டா அவன் கதி என்ன?" என்றாள் பெண்கள் சங்கத்துத் தலைவி ரத்தினபாய் அம்மாள். "பிள்ளை எங்கே போயிடப்போகுது தபீதா? நீ போ."

"எம் பிள்ளை இல்லைன்னு மூணு வருஷம் சொன்னேன் அம்மா. அது உயிரோட இருக்கணும்னு சொன்னேன். இப்ப விட்டுட்டுப் போனா, பிளேன் ஏறிக் கனடா போறதுக்காகச் சொன்னதா ஆயிடும்" என்றாள் அண்ணி. "அவர் சொல்லட்டும். ஒரு தடவை சொல்லட்டும். அன்னைக்கே போறேன்."

மாதா மாதம் அதையே எழுதினாள். கெஞ்சியும் எழுதினாள், கோபித்தும் எழுதினாள். அவனுடைய பதில்களில் பனி இருந்தது, கார் இருந்தது, சாமான்களின் விலை இருந்தது. பிரமாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒரு டிசம்பரில் பிள்ளைக்கு ஒரு கம்பளிக் கோட்டு அனுப்பினான். தாம்பரத்து வெயிலில் அதைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, "கோட்டு அனுப்பத் தெரியுது, பேர் எழுதத் தெரியலை" என்றாள்.

எழுபத்தைந்தில் அவனுக்கு அங்கே குடியுரிமை கிடைத்தது. இனி யார் உங்களைத் துரத்த முடியும், இப்போதாவது எழுதுங்கள் என்று அண்ணி தந்தியே அடித்தாள். பதில் வரவில்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம், கோவில், பிள்ளையின் பாடம் என்று இருந்தாள். யூனிஸ் எப்போது அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று எனக்கு நினைவில்லை. யாரும் அதைக் கொண்டாடவில்லை.

அண்ணியின் நெஞ்சில் ஏதோ கோளாறு சிறு வயதிலிருந்தே இருந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் வால்வு என்றார்கள். ஓட்டமும் நடையுமாகப் போனவள் ரயில்வே மேம்பாலத்துப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற ஆரம்பித்தாள். எழுபத்தொன்பது ஜூனில், பள்ளி திறந்த வாரம், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது சாய்ந்தாள். அத்தோடு சரி.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணன் வந்தான். பத்து வருஷத்தில் முதல் தடவை. தலை நரைத்து, உடம்பு பெருத்து, நிழலில் நின்றும் வியர்த்துக்கொண்டிருந்தான். கல்லறைக்குப் போய் அழுதான். அழுததில் பொய் இல்லை. யூனிஸ் அவனை விட்டு நகரவே இல்லை. அவன் கொண்டு வந்த சாக்லேட்டைத் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்து, "எங்க அப்பா" என்று ஒவ்வொருவருக்கும் காட்டினாள். பனி எப்படி இருக்கும், பள்ளிக்கூடத்துக்குப் பஸ் வருமா, அங்கே தனக்கு அறை உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் உண்டு உண்டு என்றான்.

போவதற்கு முந்தைய வாரம் என்னிடம் விஷயத்தைச் சொன்னான்.

"வக்கீல்கிட்டப் பேசிட்டேன் ஹில்டா. தத்து எடுக்க வழி இருக்கு. பெத்த தாய் முடியாமக் குடுக்கிற பிள்ளையை நான் எடுத்துக்கலாம். அஞ்சம்மா ஒரு கைநாட்டு வச்சாப் போதும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அஞ்சம்மா எதுக்கு?"

"அவதான் பெத்தவன்னு. நீங்க கோர்ட்டுல வாங்கின பிறப்புப் பதிவைக் காட்ட வேண்டாம்."

"அண்ணா, உன் பிள்ளையை நீ தத்து எடுக்கப் போறியா?"

"பேப்பர்லதானே. விஷயம் நடக்கணும் இல்லையா?"

"என் பிள்ளைன்னு எழுதேன். உன்னை இனிமே யாரு அனுப்பப் போறாங்க?"

"குடியுரிமைக்கு எழுதும்போதும் பிள்ளை இல்லைன்னுதான் எழுதினேன். இப்ப எப்படி மாத்துறது?" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவ போய்ச் சேர்ந்துட்டா ஹில்டா. அவளுக்கு இனிமே இதுல என்ன இருக்கு? பொண்ணோட நல்லதைப் பாரு" என்றான்.

நல்லதைப் பார்த்தால் அவன் சொல்வதும் சரிதான். அதனால்தான் நான் கூடவே கொட்டகைக்குப் போனேன். யூனிஸும் வந்தாள். அஞ்சம்மாளுக்கு வயதாகிவிட்டது, ஒரே ஓர் எருமை வைத்திருந்தாள். அண்ணன் மைப்பெட்டியைத் திறந்து முக்காலியில் வைத்தான்.

"இன்னா சார் எழுதிகீது இதுல?"

"நீங்க பெத்த பிள்ளையை எனக்குத் தத்துக் குடுக்கிறீங்கன்னு."

"நான் பெத்தது ஆறு. எல்லாம் இங்கதான் சுத்திகினு கீது. எத்தக் கேக்கற?"

"யூனிஸைத்தான். நீங்க அன்னைக்குத் தவிடு குடுத்து வாங்கலையா? அதையே..."

அஞ்சம்மாள் முக்காலியை அவன் பக்கமாகத் தள்ளினாள். "அத்த நான் வாங்கினது டீச்சர் புள்ள பொழைக்கணும்னு சார். டீச்சருக்குப் புள்ளயே இல்லன்னு எழுதறதுக்கா வாங்கினேன்? அவுங்களுக்கு ரெண்டு செத்துது. இப்ப அவுங்க செத்தப்பறம் இன்னொரு தபா சாவணுமா?"

"அந்தப் பொண்ணுக்கு ஒரு வாழ்வு கிடைக்கும் அஞ்சம்மா."

"அப்ப நீ சொல்லு. அப்பன் நீதான? உனுக்கு வாய் இல்லியா?"

அண்ணன் மைப்பெட்டியை மூடினான். யூனிஸ் பாய்ந்து போய் அஞ்சம்மாளின் கையைப் பிடித்தாள். "வைம்மா. ஒரு தடவை வைம்மா. நான் போகணும்மா" என்று அழுதாள். அஞ்சம்மாளை அவள் அம்மா என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. அஞ்சம்மாள் கையை அக்குளில் செருகிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன்தான் பிள்ளையைப் பிரித்து அழைத்துக்கொண்டு வந்தான். குறித்த தேதியில் விமானம் ஏறினான். வேறு வழி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது யூனிஸ் அஞ்சம்மாளோடு பேசுவதில்லை. பால் வந்தால் நான்தான் போய் வாங்குகிறேன். கிழவி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். சென்ற வாரம் யூனிஸிடம், அம்மா நினைத்திருந்தால் என்றைக்கோ போயிருக்கலாம், உன்னை விட மனமில்லாமல்தான் இங்கேயே இருந்தாள் என்று சொன்னேன். அவள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

"நான் இருக்கச் சொன்னேனா அத்தை?" என்றாள். "அம்மா அன்னைக்கே போயிருந்தா அப்பாவைச் சொல்ல வச்சிருப்பாங்க. நானும் இந்நேரம் அங்க இருந்திருப்பேன். எல்லாம் அம்மாவாலதான்."

பதினோரு வயதுப் பெண்ணிடம் எதை வைத்து வாதாடுவது? எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னபடி நடந்திருக்கவே நடந்திருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணி இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று முதல் முறையாக நினைத்தேன்.

யூனிஸ் மேஜையில் உட்கார்ந்து அப்பாவுக்கு நீல விமானத் தாளில் கடிதம் எழுதினாள். இரண்டு பக்கமும் நிரப்பினாள். அவனுடைய விலாசத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினாள். பின்புறத்தில் அனுப்புநர் என்ற இடத்தில், அண்ணி பழக்கிய குண்டு எழுத்தில், அப்பாவின் முதலெழுத்தைச் சேர்த்து 'தே. யூனிஸ்' என்று போட்டாள். என்னிடம் கொடுத்து ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். காலையில் வேலைக்கு ரயில் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பெட்டியில் போட வேண்டும்.